கெட்ட இடத்தை வெட்டிவிட்டுச் சமைக்கலாமா?

கேள்வி: காய்கறியில் கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைப்பது என் மாமியாரின் வழக்கம். என் கணவரோ காய் லேசாக வாடினாலே குப்பையில் போட்டுவிடுவார். மஞ்சளாகிப்போன கீரை, ஓரத்தில் பூஞ்சை பிடித்த கேரட், முளைவிட்ட உருளைக்கிழங்கு என்று இந்த வாரம் மூன்று முறை வாக்குவாதம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்று காய்க்கும் மூன்று விதமான பதில் இருக்கிறது. அதனால் ஒருவர் பக்கமே தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

காய் வாடுவது அதிலுள்ள தண்ணீர் குறைவதால். பறித்த பிறகும் அது சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஈரமும் போய்க்கொண்டே இருக்கிறது. துவண்ட கேரட், தோல் சுருங்கிய குடைமிளகாய், தொய்ந்துபோன கீரை எல்லாம் இந்த ரகம். குளிர்ந்த தண்ணீரில் அரைமணி நேரம் போட்டுவைத்தால் கேரட்டும் கீரையும் பெரும்பாலும் விறைப்பாகிவிடும். கேரட்டின் மேல் மெல்லிய வெண்மை படர்ந்திருந்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். மேல்பரப்பு காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கீரை மஞ்சளாவது பச்சையம் சிதைவதால். சத்தும் ருசியும் குறைந்திருக்குமே தவிர, அந்த நிறத்தால் கெடுதல் இல்லை. மஞ்சள் இலைகளை ஆய்ந்து எடுத்துவிட்டு மீதியைச் சமையுங்கள்.

அதே கீரை கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் கதை வேறு. சில பாக்டீரியாக்கள் செடியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரைத்துவிடும். விரல் பட்டதும் உள்ளே போவது, நீர் கசிவது, நாற்றம் வருவது எல்லாம் அப்புறம்தான். இந்த நிலைக்கு வந்ததை அலசி, நன்றாகக் கொதிக்கவைத்துக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். கொதித்தால் கிருமிகள் சாகும். அவற்றில் சில விட்டுவைத்த நச்சு அப்படியே இருக்கும். கெட்டுவிட்டதா என்று வாயில் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம்.

பூஞ்சை விஷயத்தில் உங்கள் மாமியார் பாதி சரி. கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய் போன்ற கெட்டியான காய்களில் பூஞ்சை இழைகளால் எளிதாக ஆழத்துக்குப் போக முடியாது. அவற்றை வெட்டிவிட்டுச் சமைக்கலாம். ஆனால் தெரிகிற புள்ளியை மட்டும் கீறி எடுத்தால் போதாது. சுற்றிலும் அடியிலும் ஒரு அங்குலமாவது சேர்த்து வெட்டச் சொல்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. கத்தி பூஞ்சை மேல் படக்கூடாது, பட்டால் நல்ல பாகத்துக்கும் பரவும். சின்ன கேரட்டில் ஒரு அங்குலம் போனால் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்டால், ஒன்றும் இருக்காதுதான். அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தக்காளி, வெள்ளரிக்காய் போன்ற நீர்ச்சத்து மிகுந்த காய்களில் பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாக ஊடுருவியிருக்கும், முழுதாகவே எறிய வேண்டும். வெங்காயத்தின் மேல்தோலில் கருப்புப் பொடி மாதிரி இருப்பதும் பூஞ்சைதான். அதை உரித்துக் கழுவிய பிறகு உள்ளடுக்குகள் கெட்டியாகவும் சுத்தமாகவும் இருந்தால் பயன்படுத்தலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் கொஞ்சம் கவலைப்பட்டது உருளைக்கிழங்குக்காகத்தான். வெளிச்சம் பட்டால் உருளை பச்சையாகும். அந்தப் பச்சை வெறும் பச்சையம். அது ஒன்றும் செய்யாது. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனைன், சாக்கோனைன் என்ற நச்சுகளும் கூடுகின்றன. முளையிலும் கண்ணிலும் தோலை ஒட்டிய பகுதியிலும்தான் இவை அதிகம். வேகவைத்தாலும் பொரித்தாலும் பெரிதாகக் குறையாது. அளவு மீறினால் வாந்தி, வயிற்றுவலி, தலைவலி வரலாம். கிழங்கு கெட்டியாக இருந்து முளை சின்னதாக இருந்தால், கண்ணோடு சேர்த்துத் தோண்டி எடுத்துவிட்டுத் தோலைத் தடிமனாகச் சீவிச் சமைக்கலாம். தொளதொளத்துச் சுருங்கி, நிறைய முளை விட்டிருந்தாலோ, பச்சை ஆழமாக இறங்கியிருந்தாலோ வேண்டாம். சமைத்த பிறகு கசந்தால் துப்பிவிடுங்கள். முளைவிட்ட வெங்காயம், பூண்டுக்கு இந்தப் பயம் தேவையில்லை, ருசிதான் மாறும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கசப்பு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சுரைக்காய், வெள்ளரிக்காய், சீமைச் சுரைக்காய் வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால், பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் சாப்பிடாதீர்கள். குக்கர்பிட்டாசின் என்ற பொருள்தான் காரணம், அது வெந்தாலும் போகாது. இயல்பிலேயே கசக்கும் பாகற்காயை இதோடு சேர்க்க வேண்டாம்.

கண்ணையும் மூக்கையும் முழுதாக நம்ப முடியாத இடம் ஒன்று உண்டு, நறுக்கிவைத்த காய். நோய் உண்டாக்கும் கிருமிகள் பல, நிறத்தையோ மணத்தையோ மாற்றுவதில்லை. அவற்றில் ஒன்றான லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும். நறுக்கிய காயை இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ வையுங்கள். வெளியே மறந்து வைத்துவிட்டு இரவெல்லாம் கிடந்ததை, வாடை வராவிட்டாலும் எடுக்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ மிக வயதானவரோ இருந்தால், பல நாளாக நறுக்கி வைத்திருந்த காயைப் பச்சையாகப் பரிமாற வேண்டாம்.