டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் மலை நாட்களில், ஏற்றத்தில் திணறும் வீரர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள்?

கூட்டமாகப் போய்த்தான். அன்றைக்கு ஜெயித்தவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டிக் கெடு வைப்பார்கள். அதைத் தாண்டினால் போட்டியிலிருந்து வெளியே. அதனால் கனத்த உடம்புள்ள ஸ்பிரிண்டர்கள் (சமவெளியில் கடைசி நேரத்தில் பாய்ந்து ஜெயிப்பவர்கள்) ஏற்றத்தில் முன்னால் போகிறவர்களைத் துரத்தாமல், பின்னால் ஒன்று சேர்ந்து ஒரே சீராக மிதிப்பார்கள். 'குருப்பெட்டோ' என்பது இந்தக் கூட்டம்தான். இழந்த நேரத்தை இறக்கத்திலும் சமவெளியிலும் மாறி மாறி முன்னால் போய் மற்றவர்களுக்குக் காற்றை மறைத்து மீட்பார்கள். கணக்கு தப்புவதும் உண்டு. பிரிட்டிஷ் ஸ்பிரிண்டர் மார்க் கேவண்டிஷ் 2018-இல் 11-வது நாள் கெடுவுக்குள் வரமுடியாமல் வெளியேறினார். அதே மனிதர்தான் 2024-இல் டூரில் தன் 35-வது நாள் வெற்றியைப் பெற்றுச் சாதனை படைத்தார்!

நான் நாகர்கோவில்காரன். தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறைக்கு, ரப்பர் தோட்டத்து நிழலில், பையில் நாலு மட்டிப்பழத்தோடு மிதிப்பேன். ஒருநாள் முதல் ஏற்றத்திலேயே வீரம் காட்டினேன். அடுத்த வளைவில் தொடை நடுங்கியது, இறங்கித் தள்ளினேன். ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த அக்கா, "பஞ்சரா மக்களே?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். டூரின் புகழ்பெற்ற ஆல்ப் டுவெஸ் மலை ஏற்றம் சுமார் 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே அந்தப் பொய் செல்லாது.