ஐந்தாம் மாத ஸ்கேன் – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு இது ஐந்தாம் மாதம். மாதாமாதம் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அத்தனை கதிர் பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார் மாமியார். அவரேதான் 'என்ன பிள்ளை என்று டாக்டரிடம் நைசாகக் கேட்டு வா' என்றும் சொல்கிறார். ஸ்கேன் தேவைதானா?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

கதிரும் இல்லை, ஒன்றும் இல்லை, அது ஒலி. சிக்கலில்லாத கர்ப்பத்துக்கு 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2016 பரிந்துரை. இரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் கணக்கு வேறு. மாதாமாதம் எதற்கு என்று டாக்டரிடமே கேளுங்கள்.

ஆனால் அதென்ன 'நைசாக'? கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி சொல்வது மட்டுமல்ல, கேட்பதும் குற்றம். பாலினம் அறிய விரும்பவில்லை என்று எஃப் படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களே, படித்துப் பார்த்தீர்களா? கணவரோ உறவினரோ வற்புறுத்தித்தான் பெண் பாலினம் அறியும் சோதனைக்கு உடன்பட்டிருப்பாள் என்று சட்டமே அனுமானிக்கிறது. நம் செட்டிநாட்டு வீட்டு வளவுகளில் உட்கார்ந்து எழுதியது போல ஒரு பிரிவு!

காரைக்குடியில் என் தம்பி மனைவியோடு ஸ்கேனுக்குப் போயிருந்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் இருவருக்கும் நினைப்பு. சிரித்துப் பேசிக்கொண்டிருந்த டாக்டர், கருவியை ஒரே இடத்தில் அழுத்தியபடி பேச்சை நிறுத்தினார். ஜெல் காயத் தொடங்கியது, மறுபடி பிழிந்தார். முதுகெலும்பு சரியாக மூடவில்லை. வீடு திரும்பினால் முகப்பிலேயே பெரியம்மா: "என்ன பிள்ளையாம்?"

18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அந்த ஸ்கேன் குறை தேடுவதற்கானது என்று தம்பி மனைவியிடம் முன்கூட்டி ஒருவரும் சொல்லவில்லை. இதைத்தான் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. ஜெல் தடவுவதற்கு முன்பே கேளுங்கள்: எதையெல்லாம் பார்ப்பீர்கள், எது இதில் தெரியாது, குறை தெரிந்தால் அடுத்து என்ன, முதலில் யாரிடம் சொல்வீர்கள்? உங்களிடம்தான் சொல்ல வேண்டும்; வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்திடம் அல்ல. 24 வாரம் தாண்டினால் கருக்கலைப்புக்கு மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். பெறுவதா வேண்டாமா என்று யோசிக்க உங்களுக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்த நாட்களை வீட்டில் பஞ்சாயத்து வைத்தே கரைத்துவிடுவார்கள்.

மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாலினம் சொல்லப்படாது என்று அங்கே பலகை மாட்டியிருப்பார்கள், படிக்கட்டும். ஸ்கேன் அறைக்குள் மட்டும் அழைக்காதீர்கள்.