காலநிலை மாற்றத்தை வகுப்பில் பேசுவது எப்படி? – கேள்வி பதில்

பல ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்திவிட்டு, இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். காலநிலை மாற்றம் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள், அதை வைத்துப் பிள்ளைகளுக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (அறிவியல் ஆசிரியை): மேடம், எதையும் கேள்வி கேள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். காலநிலை மாற்றம் என்று வந்தால் மட்டும் "விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள், ஒத்துக்கொள்" என்கிறோம். முரண்பாடாக இல்லையா?

பதில்: அப்படிச் சொன்னால் முரண்பாடுதான். அதனால் அப்படிச் சொல்லக் கூடாது என்பதே என் கட்சி.

கேள்வி கேட்பது பாதி வேலை. கிடைத்த பதிலை எடைபோட்டு, ஆதாரம் போதுமென்றால் ஒப்புக்கொள்வது மறுபாதி. நாம் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு மாணவி "வெப்பம் கூடுவதற்குச் சூரியன் காரணமாக இருக்கலாமே" என்கிறாள் என்று வையுங்கள். அருமையான கேள்வி. அவளை அடக்கி உட்கார வைக்காமல், "சூரியன்தான் காரணம் என்றால் வேறு என்னென்ன நடந்திருக்க வேண்டும்?" என்று திருப்பிக் கேளுங்கள். காற்றுமண்டலம் கீழிருந்து மேல்வரை சூடாகியிருக்க வேண்டும். இரவுகளைவிடப் பகல்கள் வேகமாகச் சூடாகியிருக்க வேண்டும். சூரியனிலிருந்து வரும் ஆற்றலும் கூடியிருக்க வேண்டும். அளவீடுகள் மூன்றுக்கும் ஒத்துவரவில்லை. கீழடுக்கு சூடாகும்போது அதற்கு மேலுள்ள அடுக்கு குளிர்ந்துவருகிறது. உலகச் சராசரியில், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரவுகளே வேகமாகச் சூடாகின. 1978 முதல் செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளந்துவரும் சூரிய ஆற்றலில் ஏற்றம் இல்லை. இந்த மூன்றையும் தானே தேடிக் கண்டுபிடிக்கும் மாணவிக்கு "ஒத்துக்கொள்" என்று யாரும் சொல்லத் தேவையிருக்காது.

கேள்வி (கல்லூரி மாணவர்): 97 விழுக்காடு விஞ்ஞானிகள் ஒத்துக்கொள்கிறார்கள் என்று கல்லூரியில் சொன்னார்கள். என் மாமா, "அந்த ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கு கட்டுரைகள் எதுவுமே சொல்லவில்லை, அது மோசடி" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, மாமா சொன்ன தகவல் சரி, எடுத்த முடிவு தவறு. முதலில் அவர் எண்ணைத் தேடிப் பார்த்திருக்கிறார் என்பதற்காக அவரைப் பாராட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

ஜான் குக்கும் அவரது குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. 1991 முதல் 2011 வரை வந்த 11,944 ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களை வாசித்து வகைப்படுத்தினார்கள். சுமார் 66 விழுக்காடு சுருக்கங்களில், வெப்பமாதலுக்கு மனிதர்கள் காரணமா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொல்லியிருந்தவற்றில்தான் 97 விழுக்காடு "ஆம்" என்றன. பேசாதவர்களை "சந்தேகப்படுகிறவர்கள்" கணக்கில் சேர்ப்பதில்தான் மாமா வழுக்குகிறார். இதய அறுவை சிகிச்சை பற்றி எழுதும் மருத்துவர் கட்டுரையின் தொடக்கத்தில் "ரத்தம் உடலில் சுற்றி வருகிறது" என்று வாதாடுவதில்லை. அதற்காக அவர் அதைச் சந்தேகிக்கிறார் என்று பொருளில்லை.

இந்த ஊகத்தைச் சோதிக்கவும் அதே ஆய்வில் வழி இருக்கிறது. கட்டுரை எழுதியவர்களிடமே முழுக் கட்டுரையை வைத்து வகைப்படுத்தச் சொன்னார்கள். அப்போது "நிலைப்பாடு இல்லை" என்பது ஏறத்தாழ 35 விழுக்காடாகக் குறைந்தது. நிலைப்பாடு உள்ளவற்றில் மறுபடியும் அதே 97. மாமாவிடம் இந்த இரண்டாவது எண்ணைக் கொண்டுபோங்கள்.

கேள்வி (பள்ளித் தலைமையாசிரியர்): எங்களுக்கு இதற்கென்று கிடைப்பது ஒரே ஒரு பாடவேளை. எதை நடத்துவது?

பதில்: கரியமில வாயு எப்படி வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்பதை மட்டும் நடத்துங்கள், ஐயா. பனிக்கரடியும் வேண்டாம், பேரழிவுப் படங்களும் வேண்டாம்.

சூரிய ஒளியில் பெரும்பகுதி காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரையை அடைகிறது. சூடான தரை அந்த ஆற்றலை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்புகிறது. கரியமில வாயு கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிடுகிறது, அகச்சிவப்பை உறிஞ்சி எல்லாத் திசையிலும் திருப்பி அனுப்புகிறது. பாடம் இவ்வளவுதான். மைக்கேல் ரானியும் டேவ் கிளார்க்கும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் சரியாக விளக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. சுமார் 400 சொற்களில் எழுதிய ஒரு விளக்கத்தைப் படித்ததும் பங்கேற்றவர்களுக்குப் புரிதல் கூடியது, வெப்பமாதல் உண்மை என்று ஏற்பதும் கூடியது.

நேரம் மிஞ்சினால் வரலாற்றைச் சொல்லுங்கள். 1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாயே அதிகம் சூடானது, ஆறவும் நேரமெடுத்தது. 1859இல் ஜான் டிண்டல் ஆய்வகத்தில் இந்த உறிஞ்சுதலை அளந்தார். 1896இல் ஸ்வான்டே அரீனியஸ் இந்த வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டார். 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர் அளவீட்டைத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் 280. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இது நேற்று யாரோ கிளப்பிவிட்ட விஷயம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டுகளே போதும்.

கேள்வி: எரிமலைகள்தானே மனிதர்களைவிட அதிகமாகக் கரியமில வாயு விடுகின்றன?

பதில்: இல்லை. எரிமலைகள் விடுவது மனிதர்கள் விடுவதில் ஒரு விழுக்காடுகூட இல்லை.

கேள்வி (சமூக அறிவியல் ஆசிரியர்): ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு அணி பிரித்து விவாதம் நடத்தலாமா? அதுதானே நடுநிலை?

பதில்: "வெப்பமாதல் உண்மையா" என்ற தலைப்பில் நடத்தாதீர்கள். அது வாய்ச்சாதுரியத்துக்குப் பரிசு கொடுப்பதாகத்தான் முடியும். நன்றாகப் பேசும் பையன் ஜெயித்துவிட்டால், ஆதாரம் தோற்றுவிட்டது என்று வகுப்பே வீட்டுக்குப் போகும். செய்தியாளர்கள் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். ஒவ்வொரு செய்தியிலும் ஒரு மறுப்பாளரை உட்கார வைத்தால்தான் நடுநிலை என்று நினைத்து நடத்திவிட்டு, இந்த விஷயத்தில் அடிக்கடி தவறிவிட்டோம் என்று பிபிசி 2018இல் தன் செய்தியாளர்களுக்கு எழுதியது.

ஆனால் விவாதமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உண்மையிலேயே தீராத கேள்விகள் ஏராளம். கார்பன் வரி போடலாமா? அணுமின்சாரம் வேண்டுமா? முன்பே பணக்காரர்களாகிவிட்ட நாடுகள் எவ்வளவு கொடுக்க வேண்டும்? இவற்றில் அறிவும் நியாயமும் கலந்திருப்பதால் விவாதம் தகும். அறிவியலுக்குள்ளேயும் நிச்சயமின்மை உண்டு, அதையும் மறைக்காதீர்கள். கரியமில வாயு இரட்டிப்பானால் வெப்பம் எத்தனை டிகிரி கூடும் என்பதற்கு 1979இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு சொன்னது 1.5 முதல் 4.5 வரை. 2021இல் ஐபிசிசி (காலநிலை அறிவியலைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழு) அறிக்கை அதை 2.5 முதல் 4 வரை என்று சுருக்கியது. நாற்பது ஆண்டு உழைப்பில் இடைவெளி குறைந்திருக்கிறது, மறையவில்லை. கூடுமா கூடாதா என்பதில் சந்தேகமில்லை, எவ்வளவு என்பதில் இருக்கிறது. இந்த வித்தியாசம் புரிந்த பிள்ளை எந்த அறிவியல் செய்தியையும் பதற்றமில்லாமல் படிக்கும்.

கேள்வி (பயிற்சி ஆசிரியர்): மேடம், நேரடியாக வகுப்பில் செய்துபார்க்க ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

பதில்: எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1880 முதலான உலகச் சராசரி வெப்பநிலையை நாசா இலவசமாகவே தருகிறது. அதை ஒரு வரைபடமாக அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். ஒரு தடித்த அட்டையில், பதினைந்து ஆண்டு அகலத்துக்கு மட்டும் ஒரு ஜன்னல் வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டையை வரைபடத்தின் மேல் வைத்து நகர்த்த வேண்டும்.

பாதி வகுப்புக்கு வேலை: "வெப்பமாதல் நின்றுவிட்டது" என்று நிரூபிக்கும் ஜன்னலைக் கண்டுபிடி. மறுபாதிக்கு: "வெப்பம் கட்டுக்கடங்காமல் எகிறுகிறது" என்று காட்டும் ஜன்னலைக் கண்டுபிடி. முதல் அணி கொஞ்ச நேரத்தில் 1998 முதல் 2012 வரை என்ற இடத்தில் வந்து நிற்கும். கோடு கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கும். அங்கே நிறுத்தி, "ஏன் 1998?" என்று கேளுங்கள். அந்த ஆண்டையொட்டி வலுவான எல் நினோ வந்தது. பசிபிக் கடல் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொட்டியது. உயரமான படியில் ஏறி நின்று எண்ணத் தொடங்கினால் அடுத்த படிகள் தாழ்வாகத்தான் தெரியும். ஜன்னலை ஓராண்டு, ஈராண்டு தள்ளச் சொல்லுங்கள், கோடு தலைதூக்கும். இரண்டாவது அணியும் தப்பக் கூடாது. அவர்கள் ஒரு குளிர்ந்த ஆண்டில் தொடங்கி, எல் நினோ வந்த 2016இல் முடித்திருப்பார்கள். "நீங்கள் எதை மறைத்தீர்கள்?" என்று இரு அணியும் ஒருவரையொருவர் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அட்டையை எடுக்கலாம். முழுக் கோடும் தெரியும்.

இரண்டாவது அணியைக் கேள்வி கேட்கும் பகுதியை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். தனக்குப் பிடித்த முடிவுக்காகச் செய்தாலும் பித்தலாட்டம் பித்தலாட்டம்தான் என்பது அங்கேதான் உறைக்கிறது.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவியின் தாய்): வாட்ஸ்அப்பில் "31,000 விஞ்ஞானிகள் காலநிலை மாற்றத்தை மறுக்கிறார்கள்" என்று வந்தது. என் மகளுக்கு இதையெல்லாம் சரிபார்க்க எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்க வேண்டாம், அதை விட்டு வெளியே போகச் சொல்லுங்கள், அம்மா. சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் ஒரு சோதனை நடத்தினார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், தகவல் சரிபார்ப்பாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரிடமும் சில இணையதளங்களைக் கொடுத்தார்கள். முதல் இரு தரப்பிலும் பலர் தளத்தின் அழகான வடிவமைப்பிலும் முத்திரையிலும் மயங்கினார்கள். சரிபார்ப்பாளர்கள் அடுத்த நிமிடமே வேறு பக்கங்களைத் திறந்து, "இவர்கள் யார், பணம் யாருடையது, மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்" என்று தேடி, சீக்கிரமே சரியான முடிவுக்கு வந்தார்கள்.

உங்களுக்கு வந்த செய்தியிலேயே மகளைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். அது 1998இல் அமெரிக்காவில் கையெழுத்துத் திரட்டத் தொடங்கிய ஓரிகன் மனு. கையெழுத்துப் போட அறிவியல் சார்ந்த ஓர் இளநிலைப் பட்டம் போதும்; பொறியாளர்களும் மருத்துவர்களும் நிறைய. மனுவை நடத்தியவர்கள் தந்த பட்டியலிலேயே காலநிலையியலாளர் என்று இருப்பவர்கள் 39 பேர்.

போலி நிபுணர்களைக் காட்டிச் சந்தேகம் கிளப்பும் இந்தத் தந்திரத்தைச் சிகரெட் வியாபாரத்திலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது நல்லது. 1969இல் பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்று "சந்தேகம்தான் நமது சரக்கு" என்றே எழுதியது. போலி நிபுணர்களைக் காட்டும் புகையிலைத் தந்திரத்தை முன்கூட்டியே விளக்கிவிட்டால், பிறகு காலநிலை பற்றி அதே பாணியில் வரும் பொய் எடுபடுவதில்லை என்று குக், லெவன்டாவ்ஸ்கி, எக்கர் மூவரும் 2017இல் காட்டினார்கள். பொய் வந்து சேருமுன் சொல்லிவிடுவதுதான் நல்லது.

கேள்வி: நன்றாகப் படித்தவர்களே ஏன் மறுக்கிறார்கள்? அப்பாவிடம் பேச்செடுத்தாலே சண்டையாகிறது.

பதில்: படிப்பு மட்டும் போதாது என்பதை டேன் கஹான் குழு 2012இல் அமெரிக்காவில் காட்டியது. அறிவியலும் கணக்கும் நன்றாகத் தெரிந்தவர்களிடையேதான் அரசியல் சார்ந்த பிளவு இன்னும் ஆழமாக இருந்தது. கெட்டிக்காரர்கள் தங்கள் தரப்புக்கு வக்கீல் வேலை பார்ப்பதிலும் கெட்டிக்காரர்கள். நாம் யாரோடு சேர்ந்தவர் என்பதை விட்டுக்கொடுக்க நேரும் என்று பட்டால் மனம் ஆதாரத்தை உள்ளே விடாது.

ஆகவே அப்பாவை மடக்கப் பார்க்காதீர்கள். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வட கரோலினாவில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் காலநிலை பற்றிப் படித்து, வீட்டுப் பெரியவர்களிடம் "உங்கள் காலத்தில் எப்படி இருந்தது, என்ன மாறியிருக்கிறது" என்று பேட்டி எடுத்தார்கள். பெற்றோரின் அக்கறை கூடியது. அப்பாக்களிடமும் பழமைவாதிகளிடமும் மாற்றம் அதிகம், மகள்கள் பேசியபோது இன்னும் அதிகம். வாதம் செய்யாமல், கேட்டார்கள். நீங்களும் அப்பாவிடம் அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள்.

கேள்வி: என்ன சொல்லி என்ன, மக்களுக்கு அக்கறையே இல்லையே?

பதில்: இந்த எண்ணத்தையும் சரிபார்க்க வேண்டும். 2024இல் வெளியான ஓர் ஆய்வு 125 நாடுகளில் ஏறக்குறைய 1,30,000 பேரைக் கேட்டது. 89 விழுக்காட்டினர் தங்கள் அரசு இன்னும் செய்ய வேண்டும் என்றார்கள். மாத வருமானத்தில் ஒரு விழுக்காடு தரத் தயார் என்றவர்கள் 69. "உங்கள் நாட்டில் எத்தனை பேர் தருவார்கள்?" என்று ஊகிக்கச் சொன்னபோது வந்த சராசரி 43. கேள்வித்தாளில் தருகிறேன் என்பதும் கையை விட்டுக் காசு போவதும் ஒன்றில்லை, அந்த ஐயத்தை மாணவர்கள் எழுப்பினால் தட்டிக்கொடுங்கள். ஆனாலும் அந்த இடைவெளி என்னைக் கவலைப்படுத்துகிறது. மற்றவர்களுக்கு அக்கறையில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்து எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி (ஒரு தந்தை): 2030இல் உலகம் அழிந்துவிடும் என்று என் மகன் அழுகிறான். என்ன சொல்வது?

பதில்: முதலில் அவன் பயத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். 2021இல் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் நடந்த ஆய்வில் 59 விழுக்காட்டினர் மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அவன் தனியாள் இல்லை.

பிறகு அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். 2018இல் ஐபிசிசி சொன்னது, வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்த வேண்டுமானால் 2030க்குள் கரியமில வாயு வெளியீட்டை 2010ஆம் ஆண்டின் அளவிலிருந்து சுமார் 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது. அது ஓர் இலக்கின் கெடு. அன்று உலகம் முடியும் என்று அறிக்கையில் எங்கும் இல்லை. 1.5 தாண்டினாலும் 1.6க்கும் 1.7க்கும் வித்தியாசம் உண்டு, தடுத்த ஒவ்வொரு பத்தில் ஒரு டிகிரிக்கும் பயன் உண்டு. மிகைப்படுத்துவது நல்ல நோக்கத்துக்காகத்தான் என்று சில ஆசிரியர்களே என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2031 பிறக்கும்போது அந்தப் பிள்ளை நம் சொல்லில் எதையும் நம்பாது. ஓசோனைக் காக்க 1987இல் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் போட்டதையும், அந்தப் படலம் இப்போது மெல்ல மீண்டுவருவதையும் அவனுக்குச் சொல்லுங்கள், அது நடந்த விஷயம்.

கேள்வி: தேர்வில் இதற்கெல்லாம் எப்படி மதிப்பெண் போடுவது?

பதில்: முடிவுக்குப் போடாதீர்கள், வந்த வழிக்குப் போடுங்கள். நான் கேட்கும் கேள்வி: "இந்தக் கூற்று தவறு என்று நீ ஏற்றுக்கொள்ள என்ன ஆதாரம் வேண்டும்? அதை எங்கே தேடுவாய்?" வெப்பமாதலை ஏற்கும் மாணவரும் இதற்குப் பதில் எழுத வேண்டும், ஏற்காதவரும் எழுத வேண்டும். "எதைக் காட்டினாலும் மாறமாட்டேன்" என்று எழுதினால் இருவருக்குமே மதிப்பெண் குறையும். எண்ணையோ ஆண்டையோ தவறாக எழுதினால் அதற்குத் தனியாகக் கழியுங்கள். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவர் கேட்ட ஆதாரம் ஏற்கெனவே கிடைக்கிறது என்றால் அது இருக்குமிடத்தை ஓரத்தில் எழுதிக் கொடுங்கள்.