கோடை விடுமுறை மறைக்கல்வியில் குழந்தைகளுக்குப் 'படைப்பு' என்பதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

எதுவுமே இல்லாத நிலையிலிருந்து, அன்பினால் மட்டும், கடவுள் எல்லாவற்றையும் உண்டாக்கினார். கத்தோலிக்கத் திருச்சபை படைப்பு என்று சொல்வது இதைத்தான். அவருக்கு ஏதோ குறை இருந்ததால் படைக்கவில்லை. தம் நன்மையைப் பகிர்ந்துகொள்ளவே படைத்தார்.

குழந்தைகளுக்குப் பிடிபடாத இடம் ஒன்று உண்டு. படைப்பு என்றோ முடிந்துபோன வேலை அல்ல, கடவுள் இந்த நொடியும் உலகைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். தச்சர் நாற்காலியைச் செய்துவிட்டுப் போய்விடலாம், நாற்காலி இருக்கும். அம்மா பாடும் தாலாட்டு அப்படியல்ல, அவர் நிறுத்தினால் பாட்டு இல்லை. உலகம் அந்தத் தாலாட்டைப் போன்றது. இதைச் சொன்னால் ஏழு வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளும்.

மே மாதம் இதற்கு நல்ல காலம். படம் வரையச் சொல்வதற்கு முன், பிள்ளைகளைக் கோவில் வளாகத்து வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போங்கள். ஒரு நுங்கைக் கையில் கொடுங்கள். "நல்லது" என்று விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் முதல் அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்வது அப்போது நாக்கிலேயே விளங்கும். இரண்டாம் அதிகாரத்தில் மனிதரிடம் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பு தரப்படுகிறது. பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் சுற்றுமடல் எழுதியதும் இந்தப் பொறுப்பைப் பற்றியே.

ஆறு நாள் என்பதை 144 மணி நேரமாக எண்ண வேண்டும், அறிவியலை மறுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். திருச்சபை அப்படிக் கேட்பதில்லை, அண்டம் ஒரு தொடக்க அணுவிலிருந்து விரிந்தது என்று 1931-இல் முன்வைத்த ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு.