2147483647: 372 வகுத்தல் போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

படிவம் நான்கில் படிக்கும் என் மகனுக்கு டியூஷனில் 2147483647, அதாவது 2³¹ − 1, ஒரு பகா எண் என்று சொல்லியிருக்கிறார்கள். கணித மேதை ஆய்லர் 1772இல் கையாலேயே அதை நிறுவினாராம். எப்படி முடிந்தது? 2இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்போதும் பகா எண்தானா? இப்படிப்பட்ட எண் பகா எண்ணா என்று பார்க்கும் லூக்காஸ்–லேமர் சோதனையை மகன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தான். பகா எண் என்றால் கடைசியில் பூஜ்யம் வர வேண்டுமாம்; வரவில்லை.

வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள சகோதரிக்கு,

எப்போதும் இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும். இருந்தாலும் உறுதி கிடையாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

2147483647இன் வர்க்கமூலம் 46340ஐச் சற்றுத் தாண்டும். அதற்குள் 4792 பகா எண்கள் இருக்கின்றன. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் அழகு. ஒரு பகா எண் இதை வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணால் 2இன் அடுக்குகளை வகுத்துக்கொண்டே போனால், 31 அடுக்குக்கு ஒருமுறைதான் மீதி 1 வரும். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, அந்த எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்கிலும் மீதி 1. ஆகவே ஒன்று குறைந்த அந்த எண் 31இன் மடங்கு. இரட்டைப்படையும்கூட என்பதால் 62இன் மடங்கு. மேலும், 2¹⁶இன் வர்க்கமான 2³² மீதி 2 தருவதால் 2 ஒரு வர்க்க எச்சம், அதாவது ஒரு வர்க்க எண்ணை வகுத்தால் வரும் மீதி. எனவே வகுக்கும் எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே. இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்களே மிஞ்சும். 46340 வரை அவை 372தான் (63ஐ விட்டுவிடலாம், அது 3இன் மடங்கு). அவற்றிலும் பகு எண்களைக் கழித்தால் வேலை இன்னும் குறையும்.

இனி மகனின் கணக்கு. சோதனை இது: 4இல் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் வர்க்கம் எடுத்து, 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி காண வேண்டும். 2³¹ − 1க்கு 29 சுற்று. நான்காம் சுற்றில் 1416317954 வரும். ஐந்தாம் சுற்றில் அதன் வர்க்கம் 19 இலக்கம். சாதாரண கால்குலேட்டர் கடைசி இலக்கங்களை வெட்டிவிடும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் பிழை. எக்செலும் 15 இலக்கத்துக்கு மேல் தாங்காது. பைத்தான் நிரல்மொழியில் முழு எண்களுக்கு அந்த வரம்பு இல்லை. அதில் போட்டால் பூஜ்யம் வரும்.

கையால் பழக 127 (2⁷ − 1) நல்ல எண்; 5 சுற்றுதான். மீதி காண வகுக்கவே வேண்டாம்: 128ஆல் பிரித்து ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். 4 → 14 → 194. 194 = 1 × 128 + 66, ஆக 67. அடுத்து 67² − 2 = 4487 = 35 × 128 + 7, ஆக 42. பிறகு 1762 = 13 × 128 + 98, ஆக 111. கடைசியில் 12319 = 96 × 128 + 31; கூட்டினால் 127, அதாவது பூஜ்யம்.

அது சரியாக வந்ததும் 2047ஐப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2048ஆல் பிரித்து 9 சுற்று போனால் 1736இல் நிற்க வேண்டும். அங்கே பூஜ்யம் வந்தால்தான் தவறு.