ஸ்காபரோவில் பிள்ளைப்பேறு: டூலாவைத் தெரிவு செய்வது எப்படி?

அன்புள்ள தங்கச்சிக்கு,

சென்ற மாரியில் கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்ததாகவும், இப்போது ஐந்தாம் மாதம் நடப்பதாகவும், பிள்ளை பிறப்பதற்குள் அம்மாவுக்கு விசா கிடைக்குமோ தெரியாது என்றும் எழுதியிருந்தீர்கள். இரவு வேலைக்குப் போகும் கணவரைத் தவிர வேறு துணை இல்லாத நிலையில் டூலா (பிரசவ நேரத்தில் கூடவே இருந்து ஆறுதலும் துணையும் தருபவர்) ஒருவரை அமர்த்துவது நல்லதா, அமர்த்துவதானால் எப்படித் தெரிவு செய்வது என்பது உங்கள் கேள்வி. உங்கள் நிலையில் நல்லது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னர் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது: மருத்துவிச்சி ஒருவரிடம் பெயர் பதிவது.

ஊரில் வீடு தேடி வந்து நிறை பார்த்து, மாத்திரை கொடுத்து, கொப்பியில் எழுதிவிட்டுப் போகும் குடும்பநல மாதுவைப் போன்றவர்தான் டூலா என்று நினைத்துப் பணம் கட்டுபவர்கள் எங்கள் சனங்களுக்குள் இருக்கிறார்கள். அந்த வேலையை இங்கே செய்பவர் மருத்துவிச்சி, அதாவது மிட்வைஃப். ஒன்ராறியோ மாகாணத்தில் 1994 தொடக்கம் இது சட்டப்படி பதிவு பெற்ற தொழில். மருத்துவிச்சி கர்ப்ப காலம் முழுவதும் பரிசோதிப்பார், வைத்தியசாலையிலோ வீட்டிலோ பிரசவம் பார்ப்பார், முதல் வாரத்தில் உங்கள் வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார், ஆறு வாரம் வரை பொறுப்பில் இருப்பார். இந்த மாகாணத்தில் வசிப்பவராக இருந்தால் ஓகிப் (மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி) அட்டை கைக்கு வராதவரிடம்கூட அவர் கட்டணம் வாங்குவதில்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டதால் பல இடங்களில் காத்திருப்போர் பட்டியலில்தான் பெயரை எழுதுவார்கள். அப்படியானாலும் எழுதி வையுங்கள், இடையில் இடம் ஒழிவதுண்டு. சலரோகம், இரத்த அழுத்தம், இரட்டைப் பிள்ளை போன்ற காரணத்தால் மகப்பேற்று வைத்தியரிடம் அனுப்பப்பட்டிருந்தால் அவரிடமே இருங்கள்.

டூலா மருத்துவம் எதுவும் செய்வதில்லை. உள்பரிசோதனை, பிள்ளையின் இதயத்துடிப்புப் பார்ப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் அவருடைய எல்லைக்கு வெளியே இருப்பவை. அவற்றைச் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்தக் கணமே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அவருடைய வேலை, வலி தொடங்கியதிலிருந்து பிள்ளை பிறந்து முதற்பால் குடிக்கும் வரை உங்களை விட்டு அகலாமல் இருப்பது. இங்கே தாதிமார் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், வைத்தியராக அன்று கடமையில் இருப்பவர்தான் வருவார். ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே முகம் அறைக்குள் இருப்பது பெரிய விடயம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மீளாய்வு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. தொடர்ந்து ஒருவர் துணையிருந்த பெண்களிடையே சிசேரியன் சத்திர சிகிச்சை குறைவாகவும், பிரசவ நேரம் சராசரியாக நாற்பது நிமிடம் வரை குறுகியதாகவும், பிரசவத்தைப் பற்றிய கசப்பான உணர்வு குறைவாகவும் இருந்ததாக அது சொல்கிறது. இந்த மீளாய்வைப் பல ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கி வைத்தவர் எங்கள் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் பேராசிரியராக இருந்த எலன் ஹொட்னெற்.

இனித் தெரிவுக்கு வருவோம். டூலா என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ள இங்கே அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை. முறைப்பாடு செய்யச் சட்டப்படி அமைந்த மன்றமும் இல்லை. 1992இல் தொடங்கிய டோனா இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகள் வகுப்பு நடத்தி, சில பிரசவங்களில் துணையிருந்த பின்னர் சான்றிதழ் கொடுக்கின்றன. சான்றிதழ் இருந்தால் நல்லதுதான், ஆனால் அது அவருடைய சுபாவத்தைக் காட்டாது. முதற் சந்திப்புக்குப் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். ஆகவே இரண்டு மூன்று பேரையாவது நேரில் பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அங்கே இரண்டு காரியம் செய்யுங்கள். வலி எழும்போது இடுப்பின் இரு புறத்தையும் உள்ளங்கைகளால் உள்நோக்கி அழுத்திப் பிடிக்கும் முறை ஒன்று இருக்கிறது. கை சற்று மேலே ஏறினாலும் அதில் பயன் இல்லை. அதை உங்கள் கணவருக்குப் பழக்கிக் காட்டும்படி கேளுங்கள். கணவரின் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பவர் பிரசவ அறைக்குள்ளும் அவரை ஒதுக்கிவிட மாட்டார். இரண்டாவதாக, "வலி தாங்காமல் நான் எபிடியூரல் (முதுகில் போடும் வலி குறைக்கும் ஊசி) கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். ஊசி போட்ட பிறகும் செய்வதற்கு வேலை இருக்கிறது: நிலக்கடலை வடிவில் நடு ஒடுங்கிய காற்றுப் பந்தை முழங்கால்களுக்கிடையே வைத்து அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது போன்றவற்றைத் தேர்ந்த டூலா தயங்காமல் சொல்வார். மாறாக, ஊசியின் தீமைகளையும் இயற்கைப் பிரசவத்தின் பெருமையையும் பேசத் தொடங்குபவர் தன் கொள்கைக்காக வருகிறார், உங்களுக்காக வரவில்லை. அவர் எத்தனை பிரசவம் பார்த்தவராக இருந்தாலும் வேண்டாம் என்பதே என் முடிவு. வைத்தியர்மாரை எதிரிகளாகச் சித்தரிப்பவருக்கும் இதையே சொல்வேன்.

தமிழ் தெரிந்தவர் கிடைத்தால் வலி நேரத்தில் அது பெரிய ஆறுதல், ஸ்காபரோவில் தேடினால் அப்படியானவர்கள் கிடைக்கக்கூடும். ஆனால் சத்திர சிகிச்சைக்குச் சம்மதம் கேட்பது போன்ற இடங்களில் டூலாவை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ள வேண்டாம். வைத்தியசாலையின் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது கேட்டு வாங்குங்கள். உங்களுக்காக முடிவு சொல்லும் உரிமையும் டூலாவுக்குக் கிடையாது. எங்கள் சமூகம் சிறியது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் பிரசவக் கதை அடுத்த கலியாண வீட்டில் பேசப்படக்கூடாது என்று நினைத்தால், இரகசியம் காப்பது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த வாரத்திலிருந்து அழைத்தவுடன் வருவார், அவருக்கே காய்ச்சல் வந்தாலோ வேறொரு பிரசவத்தில் நின்றாலோ பதிலாக யார் வருவார், திகதி குறித்துச் சத்திர சிகிச்சை என்றானால் கட்டணம் மாறுமா, முற்பணம் திரும்புமா என்பனவெல்லாம் அதில் இருக்கட்டும். பதிலாக வருபவரை ஒருமுறையாவது சந்தித்து வையுங்கள். உங்கள் கணவர் வேலைத்தளத்தில் தொலைபேசியைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போகிறவர் என்றால், அவரை எந்த இலக்கத்தில் அழைப்பது என்பதையும் டூலாவிடம் கொடுத்துவிடுங்கள். பிரசவ அறைக்குள் எத்தனை பேரை விடுவார்கள் என்று வைத்தியசாலையிடம் முன்கூட்டியே கேளுங்கள். சத்திர சிகிச்சைக் கூடத்துக்குள் வழக்கமாக ஒருவரைத்தான் அனுமதிப்பார்கள், அது கணவரா டூலாவா என்பதை இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை ஓகிப் தராது. ரொறன்ரோப் பகுதியில் அனுபவமுள்ளவர்கள் ஆயிரம் டொலருக்கு மேல் கேட்பார்கள், இரண்டாயிரத்தைத் தாண்டுபவர்களும் உண்டு. பயிற்சியை முடித்துச் சான்றிதழுக்காகப் பிரசவங்களை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் மிகக் குறைவாக வாங்குவார்கள். நான் மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் சொல்பவர் என்றால் அப்படிப்பட்டவரை அமர்த்துவதில் குறை ஒன்றும் இல்லை. கணவரின் வேலைத்தளக் காப்புறுதியில் டூலாவுக்கு இடமுண்டா என்று கேட்டுப் பாருங்கள், சிலவற்றில் உண்டு.

அம்மா வர முடியாமல் போனால், பிரசவ அறையைவிடப் பிள்ளையோடு வீடு திரும்பிய பின்வரும் வாரங்கள்தான் உங்களைக் கூடுதலாக வருத்தும். பிரசவத்துக்குப் பிந்திய டூலா என்று தனியாக இருக்கிறார்கள், மணித்தியாலக் கணக்கில் காசு வாங்குவார்கள். கையிருப்பு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், மருத்துவிச்சி கிடைத்த பட்சத்தில் பிரசவ டூலாவை விட்டுவிட்டு இவரை இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்வதுதான் கெட்டித்தனம். சரக்குக் கறியும் பத்தியச் சோறும் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைச் சமைத்துக் கொடுக்கும் எங்கள் பெண்கள் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். வைத்தியசாலையில் ஹெல்தி பேபீஸ் ஹெல்தி சில்ட்ரன் திட்டத்துக்கான படிவத்தைத் தந்தால் மறுக்காமல் நிரப்புங்கள். தகுதியிருந்தால் பொதுச் சுகாதாரத் தாதி இலவசமாக வீட்டுக்கு வருவார். நடுச்சாமத்தில் சந்தேகம் வந்தால் 811ஐ அழைத்துத் தாதியுடன் பேசலாம். தமிழ் வேண்டும் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஆனால் இரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ பிள்ளை மூச்சுவிடத் திணறினாலோ நேரே 911.