தலைக்காயத்துக்குப் பின் வரும் மூர்க்கம் வேண்டுமென்றே செய்வதா?

சாலை விபத்தில் தலையில் அடிபட்டு வீடு திரும்பிய உங்கள் கணவர் சிறு விஷயத்துக்கெல்லாம் கத்துவதாகவும், கையில் கிடைத்ததை எறிவதாகவும் எழுதி, அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் பதில். பைக் விபத்துக்குப் பிறகு இதே நிலைக்கு ஆளான தம்பியைக் காரைக்குடி அருகே எங்கள் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

மூளையின் முன்மடலில் கண்குழிகளுக்கு மேலே உள்ள பகுதி, மண்டையோட்டின் கரடுமுரடான எலும்பின் மீது அமைந்திருப்பதால், தலை வேகமாக மோதும்போது எளிதில் உரசிக் காயப்படுகிறது. உள்ளே எழும் சினத்தைத் தணித்து, செய்யலாமா கூடாதா என்று ஒரு கணம் எண்ண வைப்பது அந்தப் பகுதிதான். நுண்ணிய நரம்பிழைகள் சிதைந்திருந்தால் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஆகவே, "ஸ்கேன் நன்றாகத்தானே இருக்கிறது, இது கொழுப்பு" என்று உறவினர் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இவ்வகைக் கோபம் பெரும்பாலும் நோக்கமின்றிச் சட்டென்று வெடித்து, விரைவில் அடங்கிவிடும். வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், நான்கு பேர் ஒரே நேரத்தில் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டபோது, என் தம்பி காப்பி டம்ளரை ஆத்தங்குடிக் கல் தரையில் வீசியடித்தான்; சற்று நேரத்தில் அவனே துணி எடுத்து வந்து, அழுதுகொண்டே துடைத்தான். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் பேச்சொலி எதிரொலிக்கும்; விசேஷம் வந்தால் கேட்கவே வேண்டாம். காயப்பட்ட மூளைக்கு அந்த இரைச்சலே பெரும் பாரம். அவன் கட்டிலை வீட்டின் உட்பகுதியில் உள்ள ஓர் அமைதியான அறைக்கு மாற்றி, ஒருவர் மட்டும் பேசுவது, பார்க்க வருவோரை ஒவ்வொருவராக அனுப்புவது, மதியம் கட்டாயம் உறங்க வைப்பது என்று பழக்கிய பிறகு சீற்றம் கண்கூடாகக் குறைந்தது.

மாத்திரைச் சீட்டையும் பாருங்கள். வலிப்பைத் தடுக்கத் தரும் லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். நீங்களாக நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் சொல்லி மாற்றுக் கேளுங்கள். சொல்லத் தெரியாத வலி, தூக்கமின்மை, மலச்சிக்கல், உடலில் சோடியம் குறைதல் ஆகியவையும் சினத்தைத் தூண்டும். மது ஒரு துளியும் கூடாது. தலைவலி, மயக்கம், தடுமாற்றம் ஆகியவற்றோடு குணம் திடீரென மோசமானால், மண்டைக்குள் இரத்தம் தேங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வெடிக்கும் நேரத்தில் நியாயம் பேசாதீர்கள். குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு விலகி நில்லுங்கள். அரிவாள்மனை, வண்டிச் சாவி, ஏ.டி.எம். அட்டை ஆகியவை அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும், ஏனெனில் யோசியாமல் செலவழிப்பதும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதும் இதே காயத்தின் விளைவுகள்தாம். அவர் அடிக்க வந்தால் அறையை விட்டு வெளியேறி, கதவைச் சாத்திக்கொண்டு ஆள் கூப்பிடுங்கள். அது அவரைக் கைவிடுவதாகாது. ஒவ்வொரு முறையும் எந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு நோட்டில் எழுதி, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இவ்வகைச் சினத்தைத் தணிக்கத் தரும் புரோப்ரனலால் போன்ற மருந்து உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்பதை மருத்துவர் அதைப் பார்த்து முடிவு செய்ய முடியும்.